செடிக்குளத்துக்குப் பத்துச் சுற்று

பிப்ரவரி 17, திங்கள்

தொண்ணூற்றேழு.

போன வாரம் முப்பத்தெட்டு, இந்த வாரம் தொண்ணூற்றேழு. பேராசிரியர் போனில் எண்ணைச் சொன்னதும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். அதே தொண்ணூற்றேழுதான்.

பிறகு படிக்கும்போது எனக்கே புரிய வேண்டும், அதனால் ஆதியிலிருந்து எழுதி வைக்கிறேன். எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு குளங்கள். ஊர்க் கழிவுநீர் இரண்டுக்கும் சரிபாதியாகப் போகும். ஒன்றில் டிசம்பரில் மிதக்கும் பாத்திகளைக் கட்டிவிட்டோம். சட்டத்தில் வலை, வலையில் கல்வாழையும் நாணலும். மண் கிடையாது, வேர் நேராகத் தண்ணீருக்குள். இன்னொன்று எப்போதும் போல வெறும் குளம். கழிவு அழுகும்போது மீத்தேன் கிளம்பி மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறது. அதைச் செடியின் வேர் குறைக்குமா, குறைக்காதா? இதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு குளத்திலும் வாளியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, உள்ளே சேரும் காற்றைச் சிரிஞ்சில் உறிஞ்சி, குப்பியில் அடைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவேன். திங்கட்கிழமை எண் வரும். வெறும் குளத்திலிருந்து கிளம்புவதை நூறு என்று வைத்தால் செடிக்குளத்திலிருந்து எவ்வளவு, அதுதான் அந்த எண்.

போன திங்கள் முப்பத்தெட்டு என்றதும் நான் என்ன செய்தேன்? பொறியாளர் மேடத்தின் அறைக்கு ஓடினேன். அறுபத்திரண்டு சதவீதம் குறைந்துவிட்டது என்று கடிதம் அடித்து, அவர் கையெழுத்தோடு அன்று மாலையே மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று. நாலு வருஷம் மனு மேல் மனு போட்டு வாங்கிய பாத்திகள் அல்லவா. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மூன்று மணிக்கு மச்சான் ஷிஃப்ட் குறிப்பேட்டோடும் டீயோடும் வந்தான். மனைவியின் அண்ணன், இங்கே வால்வு ஆபரேட்டர். வால்வு ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்வதுபோல் பக்கத்தை மடித்து, மேற்பார்வை என்று நான் கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும் தெரியும்படி நீட்டினான். போட்டேன்.

"என்ன மாப்ள, இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்க?"

எண்ணைச் சொன்னேன். "மேகமா இருந்துச்சுல்ல வெள்ளிக்கிழம, அதான்" என்றான். ஆமாம், மேகமாக இருந்தது. அதுவாக இருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

நூற்று நாலு! செடி வைத்த குளம் செடி இல்லாத குளத்தைவிட மோசமாம். வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மேகக் கதை அதோடு முடிந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று காற்று எடுக்கும்போது என் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே எடுத்தேன். நடுங்கவில்லை. வாளியின் விளிம்பு தண்ணீரில் சரியாக அமிழ்கிறது. ரப்பர் மூடி புதுசு. குப்பிகளில் பேர் மாறிப்போகாமல் இருக்க ஒன்றுக்குச் சிவப்பு நூல், இன்னொன்றுக்குக் கறுப்பு. பதினெட்டு வருஷ ஆய்வக அனுபவம், நூல் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

நாற்பத்தொன்று.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. நல்ல எண் வந்தால் ஏன் வந்தது என்று பயம், கெட்ட எண் வந்தால் ஏன் வந்தது என்று பயம். மேடம் மட்டும் குஷியாக இருக்கிறார். "ஏப்ரல் பதினேழு மீட்டிங்ல இத காட்டினா மத்த அஞ்சு நிலையத்துக்கும் பாத்தி குடுத்துடுவாங்க" என்றார். நடுவில் வந்த தொண்ணூற்றேழையும் நூற்று நாலையும் பற்றிக் கேட்டால் "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்கிறார். ஆரம்பத்தில் வந்தது முப்பத்தெட்டு, மேடம். இதை மனசுக்குள்தான் சொன்னேன்.

அங்கே எண் நன்றாக இல்லையென்றால் பாத்திகளைக் கரையேற்றிவிட்டு, காற்றடிக்கும் மோட்டார் போட்டுவிடுவார்கள். நாலு வருஷமும் போகும், செடியும் போகும்.

மார்ச் 10, திங்கள்

தொண்ணூற்றைந்து.

மார்ச் 12, புதன்

காரணங்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காற்றின் வேகம். தண்ணீரின் சூடு. வாத்து (பாத்திமேல் நாலு வாத்து குடியேறியிருக்கிறது). நான். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் வாத்தும் நானும் மிஞ்சினோம்.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். பிரசவ வார்டில் நர்ஸ், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "வாத்து பாவம், அத விட்டுடுங்க" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

நூற்றொன்று. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

முப்பத்தாறு!! இதுவரை வந்ததிலேயே சிறந்தது. பேராசிரியர் பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 26, புதன்

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

வீட்டில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். அதன் கதவில் அவள் இரண்டு தாள் ஒட்டியிருப்பாள். ஒன்று அவள் டியூட்டி, இன்னொன்று அண்ணனின் ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் வாரங்களில் மச்சானுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், அதனால் அந்த வாரங்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள். பிப்ரவரி முதல் வட்டம், மூன்றிலிருந்து ஒன்பது. அதற்குள் ஏழாம் தேதி. ஏழாம் தேதிக் காற்றுக்குத்தான் முப்பத்தெட்டு.

அடுத்த வட்டத்துக்குள் இருபத்தெட்டாம் தேதி. நாற்பத்தொன்று. அடுத்ததில் மார்ச் இருபத்தொன்று. முப்பத்தாறு.

வட்டத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் நூற்றை ஒட்டி.

கதவைத் திறந்தபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "என்னங்க, கரண்ட் பில்ல யார் கட்டுறது?" என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் மூடினேன். மச்சானா? எதுக்கு? அவனுக்கு இதுல என்ன? என்னைக் கவிழ்க்கவா? சே, அவனா? ஒண்ணும் புரியல.

மார்ச் 27, வியாழன்

இரவு ஷிஃப்ட் முடித்து வெளியே வந்தவனைக் காலையில் நுழைவாசலிலேயே பிடித்தேன்.

"காலை ஷிஃப்ட்ல செடிக்குளத்து வால்வ என்ன பண்ற?"

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "வால்வுச் சக்கரத்த அஞ்சு சுத்து மூடுவேன். பதினஞ்ச பத்தாக்குவேன். அந்தத் தண்ணிய வெறும் குளத்துக்குத் தள்ளிடுவேன், அங்க இருபது. ஏன்?"

ஏன் என்று என்னைக் கேட்கிறான்!

"ஏண்டா?"

"ஜனவரில செடி மஞ்சளாச்சே, ஞாபகம் இல்ல? காலைல வர்ற தண்ணி கெட்டி மாப்ள, வேர் தாங்கல. நீ சோறு எறங்காம சுத்திக்கிட்டிருந்த. தங்கச்சி என்கிட்ட வந்து அழுதா. சரி, கொஞ்சம் கொறச்சுதான் பாப்போமேன்னு கொறச்சேன். பொழச்சுக்கிச்சுல்ல? மத்த ஷிஃப்ட்ல தண்ணி நீர்த்துதான் வரும், அப்ப நான் தொடுறதில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேலைக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, "நாசமாக்கிட்டியேடா! மொத்தத்தையும் நாசமாக்கிட்டியே!" என்று கத்தினேன். ரெண்டு குளத்துக்கும் ஒரே அளவு தண்ணி போனாத்தானே ஒப்பிட முடியும்? பாதித் தண்ணி போற எடத்துல பாதி வாயு வந்தா அதுக்குச் செடிக்கா மாலை போடுறது?

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒளிச்சு ஒண்ணும் பண்ணலயே. எழுதித்தான வச்சேன். நீதான கையெழுத்து போட்ட" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் 28, வெள்ளி

குறிப்பேட்டை ஜனவரியிலிருந்து படித்தேன்.

எல்லாம் இருக்கிறது. அவனுடைய கோழிக் கிறுக்கலில், தேதியும் நேரமும் போட்டு: 'செடிக்குளம் 10 சுற்று, வெறும் குளம் 20 சுற்று. செடி வாட்டம்.' இரண்டு வாரம் கழித்து: 'செடி தேவலை.' மத்தியான ஷிஃப்ட்காரர் வந்து விதிப்படி பதினைந்துக்குத் திருப்பியதும் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம், கீழே, என் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஒரு பக்கத்தையும் விரித்துப் பார்த்ததில்லை. மடித்து நீட்டினார்கள், போட்டேன். காற்று, மேகம், வாத்து என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், மேஜைமேல் கிடந்த குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை ஷிஃப்ட் வாரங்களில் செடிக்குளத்துக்குப் பத்துச் சுற்று, வெறும் குளத்துக்கு இருபது. பாதித் தண்ணீர், ஆகவே பாதி வாயு. செடியால் ஒரு பயனும் இல்லையென்றால் ஐம்பது வந்திருக்க வேண்டும். வந்திருப்பது முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. சராசரி முப்பத்தெட்டு.

அப்படியானால் மிச்சப் பன்னிரண்டு யாருடையது? செடியுடையதா? அல்லது என் ஆசையா? தண்ணீர் பாதியானால் வாயுவும் சரியாகப் பாதியாகும் என்று எவன் சொன்னான்? முழுத் தண்ணீர் போகும் வாரங்களில் செடி ஒன்றுமே செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு. குறைந்த தண்ணீரில் ஏதோ செய்கிறது போலிருக்கிறது. போலிருக்கிறது! நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையில் இருப்பது ஒரு 'போலிருக்கிறது'.

ஏப்ரல் 2, புதன்

அறிக்கையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் எல்லா எண்ணும் இருக்கிறது, வால்வு இல்லை. சராசரி நன்றாக வருகிறது. பாத்தி பிழைக்கும். பொய்.

இரண்டாவதில் மூன்று நல்ல வாரங்களையும் எடுத்துவிட்டேன். யார் பேரும் வராது, பாத்தி போகும். ஆனால் அந்தப் பன்னிரண்டும் சேர்ந்து போகும். அதுவும் பொய்தான், கொஞ்சம் யோக்கியமான பொய்.

மூன்றாவதில் வால்வு இருக்கிறது. வால்வு என்றால் யார் திருப்பியது என்று கேட்பார்கள். மச்சான் ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஆள். ஜூனில் நிரந்தரப் பட்டியல் வருகிறது. ஒரு மெமோ இருந்தாலும் பேரை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் மூன்றையும் படித்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் பேரு வருமா இதுல?" என்று கேட்டாள்.

"வரும்."

"உங்க பேரு?"

நான் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன்.

"எங்க வார்டுல சார்ட்ட படிக்காம ஊசி போட்டா, சார்ட்டு எழுதினவள யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள். கோபமா, யோசனையா, இரண்டுமா என்று இத்தனை வருஷத்தில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மச்சானுக்கு இது காலை ஷிஃப்ட் வாரம். நேற்றும் சாப்பிட வரவில்லை, இன்றும் வரவில்லை. அவள் தட்டைப் போட்டு மூடிவைத்து, நாலு மணிக்கு எடுத்துக் கழுவினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலையத்தில் என்னை 'சார்' என்று கூப்பிடுகிறான்.

ஏப்ரல் 9, புதன்

மேடத்திடம் போனேன். குறிப்பேட்டை விரித்து மேஜைமேல் வைத்து, என் கையெழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆபரேட்டர் செய்ததை நாள் தவறாமல் எழுதியிருக்கிறார், மேற்பார்வை நான், ஒரு பக்கமும் படிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். எழுதிப் பார்த்த மூன்று அறிக்கைகளைப் பற்றியும் சொன்னேன்.

மேடம் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். "அறுபத்திரண்டு சதவீதம்னு என் கையெழுத்தோட மேல போயிருக்கே, அத என்ன பண்றது?"

"நீங்க படிச்சுட்டுத்தானே மேடம் கையெழுத்து..."

"உங்க லெட்டர நான் முழுசா படிச்சேன்னா நெனச்சீங்க?"

சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வரவில்லை. "மூணாவது அறிக்கைய குடுங்க. இத முழுசா படிக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

தொண்ணூற்றெட்டு. போனது காலை ஷிஃப்ட் வாரம், ஆனால் மச்சான் வால்வைத் தொடவில்லை. விதிப்படி பதினைந்து, பதினைந்து. குறிப்பேட்டை விரித்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.

இரண்டு மாதமாகப் புரியாத எண் இன்று முதன்முறையாகப் புரிந்தது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? குளத்தங்கரையில் போய் நின்றேன். கல்வாழையின் கீழ் இலைகள் பழுக்க ஆரம்பித்திருக்கின்றன.

ஏப்ரல் 17, வியாழன்

மீட்டிங் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க இப்போது முடியவில்லை.

அறுபத்திரண்டு தவறு என்று மேடமே எழுந்து சொன்னார். மேலிடத்து ஆட்களின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஐந்து நிலையங்கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. இங்கிருக்கும் பாத்திகளையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

பேராசிரியர் மட்டும் மச்சானின் குறிப்பேட்டை விடவே இல்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். "தண்ணிய மாத்தி மாத்தி விட்டுப் பாக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்லையே. பத்துச் சுத்துல இந்தச் செடி ஏதோ பண்ணுது. என்னன்னு பாக்கணும்" என்றார். நகரத்தின் அந்தக் கோடியில் உள்ள நிலையத்தில் மூன்று சின்னக் குளம் இருக்கிறது, நம் பாத்திகளை அங்கே கொண்டுபோய், பத்து, பதினைந்து, இருபது என்று வேண்டுமென்றே விட்டு ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மெமோ. கவனக்குறைவு. இனி வெளியே போய்க் காற்று எடுக்க வேண்டாம், ஆய்வகத்தோடு நின்றால் போதும்.

குறிப்பேட்டில் எல்லாம் முறையாக இருப்பதால் ஆபரேட்டர்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வரியை மட்டும் நான் இரண்டு தடவை கேட்டு வாங்கி எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் வாளியை எடுக்கக் கை போனது. பிறகு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என் பேர சொல்லியிருக்கலாம்ல? நான்தான தொட்டேன்."

"சொன்னேனே. நீ எழுதி வச்சிருக்கன்னு சொன்னேன்."

"அது இல்ல மாப்ள. தப்பு பண்ணினது நான், மெமோ வாங்கினது நீ. இது என்ன நியாயம்? என்னைய என்ன சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?"

அவனுக்குக் கோபம்! காப்பாற்றியதற்குக் கோபம்! நான் காப்பாற்றவில்லை, உண்மையைத்தான் சொன்னேன் என்றால் அதை நம்ப மாட்டேன் என்கிறான். எனக்கும் கோபம் வந்தது. ஊரார் முன்னால் உன்னைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், "செருப்ப கழட்டிட்டு உள்ள வாடா" என்றுதான் வந்தது. அவன் உள்ளே வராமல் போய்விட்டான். அவள் கதவோரத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 6, செவ்வாய்

பாத்திகளைத் தூக்கினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பொறுக்காமல் இறங்கிப் போனேன். வேர்கள் என் கை நீளத்துக்கு இருந்தன, கறுப்பாக, அடர்த்தியாக, அழுக்கைப் பிடித்துக்கொண்டு. ஐந்து மாதத்தில் இவ்வளவா? ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்றத்தால் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பதினெட்டு வருஷமாக இங்கே வேலை பார்ப்பவனுக்கு நாற்றம். அவர் நம்பியது மாதிரி தலையாட்டினார்.

ஜூன் 30, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. மச்சான் பேர் இருக்கிறது. நாற்பத்து மூன்றாவது பேர். போட்டிருப்பது அந்தக் கோடி நிலையத்துக்கு, மூன்று குளத்துக்கும் வால்வுப் பொறுப்பு. பேராசிரியர் கேட்டு வாங்கினாராம், அந்தக் குறிப்பேட்டை எழுதின ஆள்தான் வேண்டும் என்று.

என் செடி, என் நாலு வருஷம், இனி அவனிடம். பொறாமையா என்று என்னையே கேட்டேன். ஆமாம், பொறாமைதான். சந்தோஷமும்தான். எது எவ்வளவு என்று அளக்க என்னிடம் வாளி இல்லை.

அவன் தங்கையிடம்தான் போன் பண்ணிச் சொன்னான். அவள் அழுதாள். போனை என்னிடம் நீட்டினாள். வாங்குவதற்குள் வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றும் இல்லை. சாதாரண நாள்.

செப்டம்பர் 4, வியாழன்

பதினொரு மணிக்கு ஆய்வகத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"மாப்ள, நான்தான்."

நாலரை மாதம். நான் எதுவும் சொல்வதற்குள் அவனே பேசினான். "இருபது சுத்துக் குளத்துல செடியெல்லாம் சாயுது. வேர் கொழகொழங்குது. பதினாலு செடி போயிடும் போல. எனக்குக் கை பரபரங்குது. என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. வால்வ தொடாத. இருபதுன்னா இருபது. செத்தா செத்துச்சுன்னு எழுது."

"எழுதிட்டேன். பாத்துக்கிட்டு சும்மா நிக்க முடியல மாப்ள."

தெரியும் என்று சொல்லலாமென்று நினைத்தேன். சொல்லவில்லை. "ரொம்ப சாயுதா?" என்று கேட்டேன்.

"வந்து பாரேன்."

அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே போய் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, காற்று எடுக்கும் அனுமதியும் இல்லை, இரண்டு பேரும் கரையில் நின்று செடி சாவதைப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்து போட்டார்.